சிட்லபாக்கத்திலிருந்து கிண்டி வரையில்

க்ஷேத்திரங்களைத் தரிசிப்பதற்காகப் பிரயாணம் செய்கிறவர்கள் உண்டு. மலையையும் அருவியையும் பார்த்துவிட்டு வருவதற்காகப் பிரயாணம் செய்கிறவர்களும் உண்டு. சென்ற காந்தி ஜயந்தியன்று நான் செய்த பிரயாணம் இந்த இரண்டு வகையிலும் சேராது. சிட்லபாக்கத்துக்குப் போகிறேன் என்றதும், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். நேயர்களும் அதையே கேட்கக்கூடும்.

"ஓர் ஏரி இருக்கிறது; ஒரு பெரியவர் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பெரியவர் என் சிநேகிதருக்கு மாமனார். விருதுநகர்ப் பக்கத்தவர். தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறவர். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 2-ந் தேதி அவர் சிட்லபாக்கத்திலிருந்து ரயிலேறிக் கிண்டிக்குப் போய்வருவது வழக்கம். காந்தி மகான் பிறந்த நாளும், காமராஜ் மறைந்த நாளும் அதுதான். "இவ்வருஷம் நீயும் கூட வாயேன், தம்பி. வழியில் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று டெலிபோனில் சொல்லியிருந்தார். அந்த விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவலும் எனக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்?

ஏரிக்கரையில்

தாம்பரம் ஸானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்டேஷனின் பெயரே ஒரு சரித்திரம் சொல்லும். காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில், நல்ல காற்றையே மருந்தாக நம்பி, 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கே ஓர் ஆரோக்கிய சாலையை ஆரம்பித்தார். இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். 1937-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. இந்தப் பிரதேசமெல்லாம் அப்போது ஏரியும் வயலும் பனையுமாக இருந்தன. இப்போது காற்றைத் தேடிக்கொண்டு இங்கே யாரும் வருவதாகத் தெரியவில்லை. வீட்டு மனையைத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள்.

ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது சிட்லபாக்கம். செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று சுற்றிலும் இன்னும் பல பாக்கங்கள். பாக்கத்துக்கு ஓர் ஏரி என்பது பழைய கணக்கு. ஓர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பல ஏரிகளைக் கடந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும்.

பெரியவர் ஏரிக்கரையில் காத்துக்கொண்டிருந்தார். தூய வெள்ளை வேட்டி, சட்டை. கையில் ஒரு துணிப்பை. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் பேத்தி.

காலை வெயில் தண்ணீரில் பளபளத்தது. நீர்க்காகம் ஒன்று சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. கரையைச் சுற்றிப் போட்டிருக்கும் நடைபாதையில் ஆண்களும் பெண்களும் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"ரொம்ப அழகாக இருக்கிறதே, ஸார்!" என்றேன்.

"இப்போது அழகாக இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்" என்றார் பெரியவர்.

கேட்பார் இல்லாத ஐந்து வருஷம்

வயல்கள் இருந்தவரையில் ஏரியைக் கவனிப்பதற்கு ஆள் இருந்தது. மதகைத் திறப்பதற்கும் கரையை வெட்டிக் கட்டுவதற்கும் ஊரார் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். வயல்கள் மனைகளாகிவிட்ட பிறகு ஏரித் தண்ணீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கரையோரம் குப்பை சேர்ந்தது. கழிவு நீர் கலந்தது. ஏரியின் விஸ்தீரணமும் வரவரச் சுருங்கிற்று. 2015-ம் வருஷத்துப் பெருமழையில் தண்ணீர் தன்னுடைய பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள்ளே வந்துவிட்டது. இத்தனை தெருக்களிலும் முழங்காலளவு நீர் நின்றதைப் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார்.

"தண்ணீர் வடிந்தது. அடுத்த வருஷமே இன்னொன்றும் வடிந்துவிட்டது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பேத்திதான் விளக்கினாள். "2016-ம் வருஷம் அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது, மாமா. தேர்தல் நடக்கவில்லை. வார்டு ஒதுக்கீடு, எல்லை வகுப்பது என்று வழக்குமேல் வழக்கு. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பாதிக்கு எங்கள் ஊருக்குக் கவுன்ஸிலரே இல்லை!"

வாஸ்தவம்தான். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகரசபைகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்று சொல்கிறது. 1993-லிருந்து அமலில் இருக்கும் சட்டம் அது. இருந்தும், 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரையில், தமிழ்நாட்டு நகரங்களிலும் பேரூர்களிலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்றுகூட இல்லை. தனி அதிகாரிகள் நிர்வாகம் செய்தார்கள். பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கமும் அப்படித்தான் இருந்தது.

"அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை" என்றார் பெரியவர். "தெருவிளக்கு எரியாவிட்டால் மனுக் கொடுக்கலாம். ஆனால், மனுக் கொடுப்பது வேறு. 'நீ என் வோட்டை வாங்கிக்கொண்டு போனாயே!' என்று வாசலில் நின்று கேட்பது வேறு. ஐந்து வருஷம் யாரிடமும் அப்படிக் கேட்பதற்கு இல்லாமல் போய்விட்டது."

அந்தச் சமயத்தில்தான் ஊர் ஜனங்கள் தாங்களே ஏரியில் இறங்கினார்கள். 2019-ம் வருஷம், சென்னை நகரமே குடிநீருக்குத் தவித்த கோடையில், ஏரி வறண்டு கிடந்தபோது, கம்பெனி உத்தியோகஸ்தர்களும் குடும்ப ஸ்திரீகளும் குழந்தைகளும் கையுறை மாட்டிக்கொண்டு வந்து குப்பையை அள்ளினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. பிறகு சர்க்கார் 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரியைச் சீர்திருத்தும் வேலையைத் தொடங்கிற்று. நான் பார்த்து வியந்த நடைபாதையின் கதை இதுதான்.

2021-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி, ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்று அமைத்தார்கள். சிட்லபாக்கம் பேரூராட்சி அதில் கலந்துவிட்டது. 2022 பிப்ரவரி 19-ந் தேதி, ஒரு சனிக்கிழமையில், எழுபது வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது.

"ஐந்து வருஷம் காத்திருந்த ஜனங்கள் அன்றைக்கு முண்டியடித்துக்கொண்டு போயிருப்பார்கள்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "இவள் அப்பா குடும்பத்தோடு மாமல்லபுரம் போனார். சனி, ஞாயிறு விடுமுறையல்லவா?"

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நானும் தண்ணீரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு அறுபது பேருக்குச் சற்று அதிகமாக வோட்டுப் போட்டார்கள். சென்னை மாநகரத்திலோ நூற்றுக்கு 44 பேர்கூடப் போடவில்லை. போடாத மற்றவர்களில் நானும் ஒருவன்.

ஸ்டேஷனுக்கு ஒரு பாடம்

ஸானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து ரயிலேறினோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மத்தியில் 1931-ல் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலின் வழி இது. தெற்கே செல்லும் இதே ரயில் பாதைதான் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று போய், விருதுநகரையும் தொடுகிறது. அங்கேதான் 1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி காமராஜ் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆறாவது வகுப்போடு நின்றது. சுதந்திரப் போராட்டத்தில் சிறையில் கழித்த காலம் மட்டும் சுமார் ஒன்பது வருஷம்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றாலும் அவருடைய தொழில் அவரை விடவில்லை. பாடத்தை ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷனுக்கு ஒரு பாடம் என்று கணக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது.

வண்டி குரோம்பேட்டையை நெருங்கியபோது அவர் சொன்னது 1940-ம் வருஷத்துச் செய்தி. அதற்கு நாலு வருஷம் முன்னால் ஸத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸுக்குத் தலைவர்; காமராஜ் காரியதரிசி. 1940-ல் காமராஜ் தலைவரானார். குருவாகிய ஸத்தியமூர்த்தி சிஷ்யரின் கீழே காரியதரிசியாக வேலை பார்த்தார். "நாற்காலி ஒருவருக்குச் சொந்தமில்லை என்பதைக் குருவே கற்றுக்கொடுத்துவிட்டார்" என்றார் பெரியவர்.

பல்லாவரம் வந்தது. 1941-ல் காமராஜ் வேலூர்ச் சிறையிலிருந்தார். அவரை விருதுநகர் முனிசிபாலிடிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் விடுதலையாகி ஊருக்கு வந்தவர், பதவியை ராஜினாமா செய்தார். தேசத்தின் வேலையில் முழு நேரமும் ஈடுபட்டிருக்கும் தம்மால் ஊர் வேலையைச் சரிவரச் செய்ய முடியாது; செய்ய முடியாத பதவியில் இருப்பது நியாயமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

"இப்போதெல்லாம் இரண்டு, மூன்று பதவியாவது இருந்தால்தான் மரியாதை" என்று எதிர் ஆசனத்தில் இருந்த ஒருவர் சொன்னார். அவரும் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திரிசூலம் குன்றைப் பார்த்துக்கொண்டே 1954-க்கு வந்தோம். காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்துக் காமராஜ் முதல் மந்திரியானார். எதிர்த்து நின்றவரையே மந்திரியாக்கிக்கொண்டார். அவரையும் சேர்த்து மொத்தம் எட்டே மந்திரிகள். காமராஜ் அப்போது பார்லிமெண்டு அங்கத்தினர். சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரல்லர். மேல்சபை வழியாக நுழைந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. 1952-ல் ராஜாஜி நியமனம் பெற்று அந்த வழியில்தான் வந்தார். காமராஜ் அந்த வழியை நாடவில்லை. குடியாத்தத்தில் உபதேர்தலுக்கு நின்று, ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு, ஜயித்துச் சபைக்குள் வந்தார். அவர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில்தான் 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1960-லிருந்து பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்டுக் கிராமங்களின் பள்ளிக்கூடமும் சாலையும் கிணறும் அவற்றின் பொறுப்பில் வந்தன.

பழவந்தாங்கலில், 1963. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டு ஜனங்களிடையே வேலை செய்யப் போகவேண்டும் என்ற யோசனையை நேருவிடம் சொன்னவர் காமராஜ். சொன்னதோடு நில்லாமல் அக்டோபர் 2-ந் தேதி தாமே முதல் மந்திரி பதவியிலிருந்து விலகினார். அந்தத் திட்டத்தின்படி ஆறு மத்திய மந்திரிகளும் ஆறு முதல் மந்திரிகளும் பதவி துறந்தார்கள்.

"தாத்தா, ஒரு சந்தேகம்" என்றாள் பேத்தி. "நேருவுக்குப் பிறகு யார் பிரதம மந்திரி என்பதை அவர் நாலு பேரோடு அறைக்குள்ளே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார் என்று எங்கள் பேராசிரியர் சொன்னாரே! அது ஜனநாயகமா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்ல கேள்வி. 1964-ல் அங்கத்தினர்களைக் கலந்து பேசி, பெரும்பாலோர் விருப்பம் இதுதான் என்று சொல்லி, லால் பகதூர் சாஸ்திரியைத் தலைவராக்கினார்கள். அந்த முறையில் குறை இருந்தது என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் உண்டு. ஆனால், 1966-ல் மொரார்ஜி தேசாய் போட்டி போட்டே தீருவேன் என்றபோது, பெட்டி வைத்து வோட்டு எடுத்தார்கள். இந்திரா காந்திக்கு 355; மொரார்ஜிக்கு 169. பெட்டி வைத்து எண்ணின பிறகு யாரும் முறையிடவில்லை. கலந்து பேசுகிறதுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் எண்ணித்தான் ஆகவேண்டும்."

பெரியவர் சொல்ல நினைத்த விஷயம்

வண்டி பரங்கிமலையில் நின்று புறப்பட்டது. பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, 1956-ல் மதிய உணவு தொடங்கினார்களே, அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவன் நான். அது இல்லாவிட்டால் என்னைப் பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ அனுப்பியிருப்பார்கள். 1967-ல் எனக்கு இருபத்தொரு வயது. அந்தக் காலத்தில் இருபத்தொன்றுதானே வோட்டு வயது? முதல் வோட்டு. விருதுநகர்த் தொகுதியில் அவர் நின்றார்."

நிறுத்தினார். பிறகு, "நான் அவருக்குப் போடவில்லை" என்றார்.

பேத்திக்குக்கூட இது புதிய செய்தி போலிருக்கிறது. "தாத்தா!" என்றாள்.

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொழிப் போராட்டம் நடந்தது. அரிசி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். எனக்குக் கோபம். எதிரே நின்றவர் ஒரு மாணவர் தலைவர். அவருக்குப் போட்டேன். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் சொந்த ஊரில் 1,285 வோட்டில் தோற்றுப் போனார். ராத்திரி எங்கள் அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. 'சோறு போட்டவனைத் தோற்கடித்துவிட்டு வந்து சோறு கேட்கிறாயா?' என்றாள்."

ஐம்பது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தச் சொல் அவர் மனத்தில் ஆறாமலிருப்பது முகத்தில் தெரிந்தது.

"அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் வருஷா வருஷம் கிண்டிக்குப் போகிறீர்களா, ஸார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முதலில் அப்படித்தான் போனேன். நான் செய்தது தப்பு என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தோற்றதும் அவர் என்ன செய்தார்? எண்ணிக்கையில் சூது என்று சொன்னாரா? ஜனங்களுக்கு நன்றியில்லை என்று திட்டினாரா? வந்திருக்கும் சர்க்காருக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் குறை சொல்ல வேண்டாம் என்று தம் கட்சிக்காரர்களிடம் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து நாகர்கோவிலில் மறுபடியும் ஜனங்களிடமே போய் வோட்டுக் கேட்டு, ஜயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். இருபத்தொரு வயதுப் பையன் கோபத்தில் போட்ட வோட்டு! அதற்கு அவர் மரியாதை கொடுத்தார், தம்பி. அந்த மரியாதைக்காகத்தான் போகிறேன்."

வண்டி கிண்டியில் நின்றது.

கிண்டியில்

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஸர்தார் படேல் சாலைக்குப் போனோம். ஒரு காலத்தில் கவர்னர் மாளிகை வனத்தின் பகுதியாயிருந்த இடத்தில், 1956-ம் வருஷம் திறக்கப்பட்ட காந்தி மண்டபம் நிற்கிறது. அன்று காந்தி ஜயந்தியாதலால் ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதே தோட்டத்தில் ராஜாஜிக்கும் காமராஜுக்கும் நினைவாலயங்கள் இருக்கின்றன.

இவ்விருவரும் எத்தனை வருஷம் எதிரெதிராக நின்றார்கள் என்பது பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் தெரியும். காங்கிரஸுக்குள்ளே போட்டி, 1954-ல் ராஜாஜி பதவி விலகக் காமராஜ் வந்தது, 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கிக் காங்கிரஸை எதிர்த்தது, 1967-ல் தி. மு. க.வோடு சேர்ந்து தோற்கடித்தது. ஆனாலும் 1971-ம் வருஷத் தேர்தலில் இருவரும் ஒரே அணியில் நின்றார்கள்; சேர்ந்தே தோற்றார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். இப்போது ஒரே மர நிழலில் இருவரும் அயலார்களாக இருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் சத்துரு அல்லர் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் சென்னையில் கிடையாது.

பெரியவர் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு முழம் கதம்பம். அதைக் காமராஜ் நினைவிடத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பேத்தியும் நானும் நின்றோம்.

கடைசி நாட்களைப் பற்றி அங்கேதான் பேசினோம். 1975 ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் வந்தது. மொரார்ஜி தேசாய், ஜயப்பிரகாச நாராயணன் முதலிய தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1966-ல் யாருக்காக அங்கத்தினர்களிடம் ஆதரவு திரட்டினாரோ அவருடைய ஆட்சியிலேயே இது நடந்ததைக் காமராஜ் பார்க்க நேர்ந்தது. அவர் அதை ஆதரிக்கவில்லை. உடம்பும் மனமும் தளர்ந்திருந்தன. அந்தப் பிரகடனத்திலிருந்து சரியாகத் தொண்ணூற்றொன்பதாவது நாள், அக்டோபர் 2-ந் தேதி, பகலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இந்தத் தோட்டத்தில்தான் அவருடைய உடலுக்கு எரியூட்டினார்கள்.

1977 மார்ச்சில் தேசம் முழுவதும் தேர்தல் நடந்தது. ஜனங்கள் வோட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். அதைப் பார்ப்பதற்கு அவர் இல்லை.

வாடகை வீடு

மாம்பலத்தில், திருமலைப் பிள்ளை சாலையில் அவர் குடியிருந்த வீட்டின் வாசலுக்கும் போனோம். ஒன்பது வருஷத்துக்கு மேல் முதல் மந்திரி. அப்புறம் பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தில் முன்னின்றவர். கடைசி வரையில் வாடகை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயார் விருதுநகரிலேயே இருந்தார். அவர் மறைந்தபோது மிஞ்சியவை சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் நூற்றுச் சொச்சம் ரூபாயும்தான் என்பது தமிழ்நாடு அறிந்த செய்தி. பிறகு சர்க்கார் இந்த வீட்டை நினைவு இல்லமாக்கியது. 1976-ல் அவருக்குப் பாரத ரத்னப் பட்டம் அளித்தார்கள்.

"வாடகைக்கு இருக்கிறவனுக்கு ஒன்று தெரியும்" என்றார் பெரியவர். "வீட்டுக்காரன் சொன்னால் காலி பண்ணவேண்டும். அவர் பதவியிலும் அப்படித்தான் இருந்தார்."

இந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

திரும்பும்போது

மத்தியானம் மாம்பலத்தில் ரயிலேறிச் சிட்லபாக்கத்துக்குத் திரும்பினோம். வண்டியில் கூட்டம் குறைவு. பேச்சு உத்தரமேரூருக்குத் திரும்பிற்று. தாம்பரத்துக்குத் தெற்கே சில மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி. பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஓலை நறுக்குகளில் பெயரை எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியங்களுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்றும் விதி இருந்தது. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர்களுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. ஆயிரத்து நூறு வருஷங்களுக்குப் பின்னால், அதே தொண்டை மண்டலத்தில், தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டது. குடத்தின் வாய் அவ்வளவு தூரம் அகன்றிருக்கிறது. அதற்குள்ளே ஓலை போடத்தான் நம்மில் பாதிப் பேருக்குப் போது கிடைக்கவில்லை.

"மாமா, அக்டோபர் 2-ந் தேதி கிராமங்களில் எல்லாம் கிராம சபை நடக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று பேத்தி கேட்டாள்.

"நீங்கள் நகரத்தார் ஆகிவிட்டீர்களே! உங்களுக்குப் பகுதி சபை என்று வைத்திருக்கிறார்கள்" என்றேன். 2022 நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகர வார்டுகளில் அதைத் தொடங்கினார்கள். இதே தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல் மந்திரியே வந்திருந்தார்.

"எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நான் போயிருக்கிறேன்" என்றார் பெரியவர். "வந்தவர்களில் முக்கால்வாசி என் வயசுக்காரர்கள். நாற்காலி நிறைய மிச்சம் இருந்தது."

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இதுதான் வேலை என்று நான் மனத்துக்குள் சலித்துக்கொண்டேன். குரோம்பேட்டை தாண்டியதும் அவள் கைபேசியைத் தாத்தாவிடம் நீட்டினாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பம். பதினெட்டு நிரம்பிப் பல மாதங்களாகியும் போடாமல் வைத்திருந்தாளாம்.

"பிறந்த தேதியைச் சரியாகப் போட்டிருக்கிறேனா, பாருங்கள், தாத்தா."

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பிடித்தவருக்குத்தான் போடவேண்டும் என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன், அம்மா" என்றார். "நானே என் அம்மா சொன்னபடி போடவில்லை."

ஸானடோரியத்தில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். பெரியவர் மேம்பாலத்துப் படிகளில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏற, பேத்தி காலிப் பையை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். நான் தாம்பரம் வரை சென்று வண்டி மாறினேன்.

வீட்டுக்கு வந்ததும், "சிட்லபாக்கத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஏரியைப் பற்றிச் சொன்னேன். பெரியவரைப் பற்றியும் சொன்னேன். 2022 பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு வீட்டிலுள்ள நாலு பேரும் ஒன்றாகத்தான் திருக்கழுக்குன்றம் போயிருந்தோம். எங்கள் வார்டின் பகுதி சபை எந்தத் தேதியில் கூடும் என்று விசாரித்து, காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.